வீட்டுத் தோட்டத்துக்கு மிஷின்: வாங்குவதற்கு முன்னும் ஓட்டுவதற்கு முன்னும் எழும் கேள்விகள்

வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட், பத்து சென்ட் இடம் வைத்திருப்பவர்களுக்குப் புல் வெட்ட ஆள் கிடைப்பது இப்போது பெரும்பாடு. அதனால் மிஷின் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் நிறைய. எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் குறைவு. இங்கே இரண்டுக்கும் பதில் இருக்கிறது. நாலு தென்னை, ஒரு மா, கொஞ்சம் பூச்செடி, மழை பெய்தால் முழங்கால் உயரப் புல் என்று இருக்கும் தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டத்தை நினைத்து எழுதியது இது.

முதலில் எந்த மிஷின் வாங்குவது?

எந்த வேலை உங்களுக்கு அடிக்கடி வருகிறதோ அதற்கானதை மட்டும் வாங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த வேலை புல் வெட்டுவதுதான். வடகிழக்குப் பருவமழை முடியும்போது தோட்டம் புதராகிவிடும். அதற்கு பிரஷ் கட்டர் (நீளத் தண்டின் நுனியில் நைலான் நரம்போ பிளேடோ சுழலும் புல்வெட்டி) போதும். சீராக வளர்த்த புல்தரை இருந்தால் லான் மோவர் வாங்கலாம். வேலிச்செடி மட்டும் நீளமாக இருந்தால் ஹெட்ஜ் டிரிம்மர். ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலைக்கு, உதாரணமாக ஒரு மரத்தை அறுப்பது, மண்ணைப் புரட்டுவது போன்றவற்றுக்கு, மிஷினோடு ஆளையே கூப்பிட்டுக் கொள்வது நல்லது.

இரண்டு மூன்று சென்ட்தான் தோட்டம் என்றால் எதுவுமே வேண்டாம். நல்ல கதிர் அரிவாள், ஒரு களைக்கொத்தி, ஒரு மண்வெட்டி, சாணை பிடித்த கத்தரி ஆகியவை போதும். மாடித்தோட்டத்துக்கும் இதே பதில்தான்.

பெட்ரோல், கரண்ட், பேட்டரி: எது நல்லது?

ஐந்து சென்ட் வரை, வீட்டுச் சுவரிலிருந்து முப்பது மீட்டருக்குள் எல்லா மூலையும் வந்துவிடும் என்றால் கரண்ட் மிஷின் மலிவு, எடை குறைவு, பராமரிப்பும் கிட்டத்தட்ட இல்லை. ஒயரை இழுத்துக்கொண்டு திரிவதுதான் தொல்லை. அந்த ஒயரே பெரிய ஆபத்தும்கூட. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

பேட்டரி மிஷினில் ஒயர் இல்லை, புகை இல்லை, சத்தமும் குறைவு. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யத் தோள் வலிமை தேவையில்லை. அதனால் வயதானவர்கள், பெண்கள், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். குறை என்னவென்றால் அடர்ந்த புதரில் சார்ஜ் சீக்கிரம் தீரும், பேட்டரியின் விலையும் அதிகம்.

பத்து சென்ட்டுக்கு மேல், கோரையும் நாணலும் முள்ளும் கலந்த இடம் என்றால் பெட்ரோல்தான் தாங்கும். அதற்கு விலையாக எடை, அதிர்வு, சத்தம், எரிபொருள் சேமிப்பு என்று நாலு பொறுப்புகள் வந்து சேரும்.

மூன்றில் எதை எடுத்தாலும், உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அதைப் பிரித்துப் பழுது பார்க்கிற மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிற பெயர் தெரியாத மிஷினுக்கு ஒரு கார்புரேட்டர் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் சவ்வு) கிடைக்காமல், அது நல்ல இன்ஜினோடு மூலையில் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கடைக்காரரிடம் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, பிளேடு ஆகிய நாலும் இப்போது கையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

பேட்டரி மிஷினில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். அதே 18 வோல்ட்டில் 4 ஆம்பியர்-அவர் என்றால் 72. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அந்தப் பெருக்குத்தொகைதான் சொல்லும். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போட்டிருப்பதும் 18 வோல்ட் என்பதும் ஒரே வகைப் பேட்டரிதான். முழு சார்ஜில் காட்டும் உச்ச அளவை ஒருவர் எழுதுகிறார், சராசரியை இன்னொருவர் எழுதுகிறார். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

ஒரே பேட்டரி பல கருவிகளில் பொருந்தும் வரிசையாகப் பார்த்து வாங்கினால், அடுத்த கருவியைப் பேட்டரி இல்லாமல் தனியாக வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் சுட்ட பேட்டரியை உடனே சார்ஜரில் போட வேண்டாம், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கொட்டகைக்குள் வைப்பது லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். வீட்டுக்குள் வையுங்கள். உப்பிப்போன பேட்டரி, கீழே விழுந்து விரிசல் விட்ட பேட்டரி இரண்டையும் மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

பிரஷ் கட்டரில் நைலான் நரம்பா, இரும்பு பிளேடா?

பச்சைப் புல், பூண்டு, சுவரோரம், செடியோரம் ஆகியவற்றுக்கு நைலான். முற்றிய புதர், சுள்ளி, பார்த்தீனியத்தின் தடித்த தண்டு போன்றவற்றுக்கு பிளேடு. வீட்டுத் தோட்டத்தில் முக்கால்வாசி வேலை நைலானிலேயே முடியும். கல்லில் பட்டால் நரம்புதான் அறும், பிளேடு போலத் திருப்பி அடிக்காது.

இந்த நரம்பு உத்தி 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவருக்குத் தோன்றியது. கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, மரத்தடியில் பட்டை கெடாமல் புல்லை எடுக்க இப்படி ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். பட்டை கெடக்கூடாது என்று பிறந்த கருவியாலேயே இன்று நம் தோட்டங்களில் மாங்கன்றும் கொய்யாக்கன்றும் பட்டை உரிந்து சாகின்றன. இளம் கன்றின் அடியில் நரம்பு சுற்றிலும் பட்டுவிட்டால் இலையிலிருந்து வேருக்குச் சத்து இறங்கும் வழி அறுந்துவிடும். உடனே தெரியாது. கொஞ்ச நாள் கழித்து, காரணம் புரியாமல் கன்று வாடும். ஒரு பழைய பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து கன்றைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்கு மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டைச் சுற்றி இரண்டு அடிக்கு மூடாக்கு (காய்ந்த இலை, ஓலைப் பரப்பு) போட்டு, அங்கே மிஷினே போகாதபடி செய்யுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருக்கும் பக்கமும் கையால்தான் களை எடுக்க வேண்டும்.

நரம்பு தீர்ந்துவிட்டால் கட்டுக்கம்பியோ கிளட்ச் ஒயரோ போடலாமா?

கூடாது. இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பல இடங்களில் பெருமையாகவும் சொல்கிறார்கள். கம்பித்துண்டு சுழற்சியின் வேகத்தில் அறுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. கனமான துணியையும் தசையையும் துளைத்துக்கொண்டு போகும். காட்டன் பேன்ட்டோ தெருவில் போகிற குழந்தையோ அதன் முன் ஒன்றுமில்லை. நரம்பு ஒரு சுருள் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மிஷினுக்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று கையேட்டில் இருக்கும். அதைவிடத் தடித்ததைப் போட்டால் இன்ஜின் சூடேறும்.

பிரஷ் கட்டரைப் பிடிக்கச் சரியான முறை என்ன?

முதலில் தோள்வார். நீளத்தைச் சரிசெய்து தொங்கவிட்டால், கையை எடுத்தாலும் வெட்டும் தலை தரைக்குக் கொஞ்சம் மேலே சமமாக நிற்க வேண்டும். எடையைத் தோளும் இடுப்பும் தாங்க வேண்டும், கைக்குத் திசை காட்டும் வேலை மட்டும். வாரைப் போடாமல் கையிலேயே தூக்கி வெட்டுகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிடி தளரும். பிடி தளர்ந்த பிறகுதான் கால் பக்கம் பிளேடு வரும்.

நேரான தண்டு உள்ள மிஷின்களில் பெரும்பாலானவை மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசி, தலையின் இடப்பக்கத்தால் வெட்டுங்கள். வெட்டிய புல் ஏற்கெனவே வெட்டிய பக்கம் விழும், வெட்டாத பக்கம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பிளேடு போட்டிருக்கும்போது அதன் முன் வலது ஓரம் தடித்த தண்டில் பட்டால் மிஷின் முழுவதும் வெடுக்கென்று பக்கவாட்டில் எகிறும். தடித்ததை அந்த ஓரத்தால் தொடாதீர்கள்.

உங்களைச் சுற்றி 15 மீட்டருக்குள் மனிதர், ஆடு மாடு, நாய், கார்க் கண்ணாடி எதுவும் இருக்கக்கூடாது. சின்னத் தோட்டத்தில் 15 மீட்டர் என்பது பக்கத்து வீட்டு வாசல்வரை போகும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் வெட்டுங்கள். யாராவது பேச வந்தால் அவர்கள் பின்னாலிருந்து தோளைத் தொடக்கூடாது என்றும் வீட்டில் சொல்லி வையுங்கள். சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது, மிஷினோடு திரும்பிவிடுவீர்கள்.

வெட்டும் முன் தரையில் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு நீளக் கம்பை எடுத்துப் புல்லைத் தட்டிக்கொண்டே ஒரு முறை நடந்து வாருங்கள். கல், ஓட்டுச்சில்லு, பாட்டில், கொடிக்கம்பி, பழைய தென்னங்கயிறு எல்லாம் கண்ணில் படும். கயிறும் கம்பியும் கல்லைவிட மோசம். தலையில் சுற்றிக்கொண்டு இழுக்கும். அடர்ந்த புல்லில் கண்ணாடி விரியன் அசையாமல் கிடக்கும் பழக்கம் உள்ளது. கம்பு அதற்கும் உதவும். தென்னை மரத்தடியில் வெட்டப்போனால் மேலேயும் பாருங்கள். முற்றிய நெற்றும் காய்ந்த மட்டையும் தொங்கினால் முதலில் அவற்றை இறக்கிவிட்டு வெட்டுங்கள்.

மிஷினில் புல் சிக்கி நின்றுவிட்டது. எப்படி எடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சிக்கியதை எடுக்கும் அந்த அரை நிமிடம்தான் விரல் போகிற நேரம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், பிளேடு மட்டும் நின்றிருக்கும். பார்ப்பதற்கு எல்லாம் அடங்கியது போலத் தெரியும். அடைப்பை இழுத்தவுடன் பிளேடு விடுபட்டுச் சுற்றும்.

பெட்ரோல் மிஷின் என்றால் சுவிட்சை அணைத்து, எல்லாம் முழுதாக நின்ற பிறகு ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றுங்கள். கரண்ட் மிஷின் என்றால் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்கி அந்தப் பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து மறுபடி சொருகிவிடுவார். பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். அப்புறம் கையுறை போட்ட கையாலோ குச்சியாலோ எடுங்கள். பிளேடு மாற்றுவது, நரம்பு சுற்றுவது, சுத்தம் செய்வது, உயரத்தைக் கூட்டிக் குறைப்பது என எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். லான் மோவரின் அடிப்பகுதியில் ஈரப்புல் அப்பிக்கொள்ளும்போது கையை உள்ளே விடும் ஆசை எல்லோருக்கும் வரும். அவசரமாக இருந்தாலும், ஒரு கொத்துப் புல்தான் என்றாலும், இதை விட்டுவிடாதீர்கள்.

டூ-ஸ்ட்ரோக் மிஷினுக்கு ஆயில் எவ்வளவு கலப்பது?

பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய இன்ஜின்தான் டூ-ஸ்ட்ரோக். கையேட்டில் உள்ள விகிதம் எதுவோ அதுதான். 25:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. கண் அளவு வேண்டாம், மருந்து ஊற்றும் அளவுக்கோப்பை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், சரிசெய்யும் செலவு மிஷின் விலையில் பாதியைத் தொடும். கூடினால் புகை, பிளக்கில் கரி. இரண்டில் பின்னது சின்னத் தீமை. கலவையைத் தனி கேனில் கலந்து குலுக்கிவிட்டு டேங்கில் ஊற்றுங்கள், டேங்கிலேயே கலக்காதீர்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் பெட்ரோலில் எதையும் கலக்கக்கூடாது. இன்ஜின் ஆயில் தனியாக அதன் அறையில் இருக்கும். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதன் அளவைப் பாருங்கள்.

இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலால் பிரச்சினை வருமா?

வைத்திருந்தால் வரும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். கார்புரேட்டரில் உள்ள ரப்பர் பாகங்களையும் அது உப்பவைக்கும். ஆகவே ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் வாங்குங்கள். புது மிஷின் வாங்கும்போது இருபது சதவீத எத்தனாலுக்கு ஏற்றதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட்டு, வெட்ட வெளியில், தரையில் வைத்து ஊற்றுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து சில அடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பதை அறவே விடுங்கள். தாகத்தில் எடுத்துக் குடித்த குழந்தைகள் உண்டு. மூடிய அறைக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

கரண்ட் மிஷினுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் எப்படி இருக்க வேண்டும்?

1500 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் ஆறரை ஆம்பியர் இழுக்கும். டிவிக்குப் போடும் மெல்லிய ஒயர் இதைத் தாங்காது. முப்பது மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், அதற்கு மேல் 2.5. எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். ரீலில் சுற்றியிருந்தால் முழுவதையும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுற்றிய நிலையில் வெப்பம் வெளியேறாமல் உருகும். நடுவில் டேப் ஒட்டிய இணைப்பு இருக்கவே கூடாது.

வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பிளேடு ஒயரை வெட்டி மின்சாரம் கசிந்தாலோ உடலில் பாய்ந்தாலோ கண நேரத்தில் துண்டிப்பது அதுதான். சாதாரண எம்சிபி (ஒயரில் அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் சுவிட்ச்) மனிதரைக் காப்பதற்காக வைத்ததில்லை. ஆர்சிசிபியில் டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், சுவிட்ச் கீழே விழ வேண்டும். இது இல்லாத வீட்டில் கரண்ட் புல்வெட்டி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பணத்தில் முதலில் இதைப் போடுங்கள்.

ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பிளக் இருக்கும் பக்கத்திலிருந்து ஆரம்பித்து விலகி விலகிப் போனால் ஒயர் எப்போதும் வெட்டிய பக்கத்தில் கிடக்கும். மழை பெய்த ஈரத்தில் ஓட்டாதீர்கள்.

புல்தரைக்கு லான் மோவர் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

அரை கிரவுண்டுக்குக் குறைவான புல்தரைக்குக் கையால் தள்ளும் உருளை மோவரே அழகாக வெட்டும். இங்கிலாந்தில் 1830-இல் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கிய முதல் புல்வெட்டியும் இதே வகைதான். துணி ஆலையில் கம்பளியின் பிசிறு வெட்டும் உருளையைப் பார்த்துச் செய்தார். கத்தரி போல வெட்டுவதால் புல்லின் நுனி பழுப்பதில்லை. கரண்ட் கட்டணமும் இல்லை. ஆனால் புல் நீண்டுவிட்டால் இது தடுமாறும்.

பெரிய புல்தரைக்குச் சுழல் பிளேடு மோவர். கைப்பிடியை விட்டவுடன் பிளேடு நிற்கிற அமைப்பு இருக்க வேண்டும், அதைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கக்கூடாது. தள்ளி வெட்டுங்கள், உங்கள் பக்கம் இழுத்து வெட்டாதீர்கள். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஆறு சென்டிமீட்டர் இருந்தால் நாலில் நிறுத்துங்கள். கோடையில் இன்னும் கொஞ்சம் உயரமாக விட்டால் தரை ஈரம் காக்கும்.

பவர் வீடர் வாங்கினால் களைத் தொல்லை தீருமா?

பவர் வீடர் என்பது சுழலும் கொழுவால் மண்ணைக் கிளறிக் களையெடுக்கும் மிஷின். எல்லாக் களையும் அதில் தீராது. கோரை இருக்கும் தோட்டத்தில் பவர் வீடரை விட்டால் கிழங்குச் சங்கிலியை அறுத்து அறுத்துப் பரப்பிவிடும், அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக வரும். அருகும் அப்படித்தான், ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. அந்த இடங்களில் கையால் கிழங்கோடு எடுப்பது, கனமான மூடாக்குப் போடுவது, இரண்டும்தான் வழி.

காய்கறிப் பாத்திக்கு மண் புரட்ட வேண்டுமென்றால் ஈரத்தைப் பாருங்கள். ஒரு பிடி மண்ணை அழுத்தி உருண்டை பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களியாக நின்றால் கட்டியாகிவிடும், கரிசலில் இது இன்னும் மோசம். ரிவர்ஸ் கியர் உள்ள மிஷின் என்றால் சுவருக்கும் மிஷினுக்கும் நடுவே நிற்காதீர்கள். பின்னால் வரும் கொழு நேராகக் காலில் ஏறும். பத்து சென்ட்டுக்குள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதை வாடகைக்கு எடுப்பதே லாபம்.

செயின் சா (சங்கிலி ரம்பம்) வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

விழுந்து கிடக்கிற கிளையைத் துண்டு போட, வாழ்வில் இரண்டு மூன்று தடவை என்றால் கை ரம்பமே போதும். அடிக்கடி தேவைப்படுகிறவர்கள் சின்னப் பேட்டரி செயின் சா பார்க்கலாம். நிற்கும் மரத்தை வெட்டுவது தனித் தொழில். ஏணி மேல் நின்றோ மரத்தில் ஏறிக்கொண்டோ செயின் சா பிடிப்பதை வீட்டுக்காரர்கள் செய்யவே கூடாது.

சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் அளவு வேகத்தில் ஓடுகிறது. அந்தச் சங்கிலி சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் மேல் பாதி எதிலாவது பட்டால் முழு மிஷினும் மேல்நோக்கி உங்கள் முகத்துக்குத் திரும்பும். நீங்கள் கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். அப்போது சங்கிலியை நிறுத்துவது முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக். ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் போட்டிருக்க வேண்டும். இடது கையின் பெருவிரல் முன்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும். தோள் உயரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, உங்கள் தலை பட்டையின் நேர்கோட்டில் இருக்கக்கூடாது. மொட்டைச் சங்கிலி அழுத்தம் கேட்கும், அழுத்தும்போதுதான் வழுக்கும். தூள் பொடிப்பொடியாக மாவு போல வந்தால் சாணை பிடிக்கும் நேரம், சீவலாக வந்தால் சரி.

இரும்பும் டைல்ஸும் அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டி வெட்டலாமா?

கூடாது. இந்தப் பழக்கம் பரவுவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். மரம் அறுக்கும் பிளேடு அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. பாதுகாப்பு மூடியைக் கழற்றினால்தான் பிளேடு உள்ளே போகும் என்பதால் மூடியும் போய்விடும். பச்சை மரத்தில் பல் சிக்கியதும் கிரைண்டர் கையைவிட்டுத் துள்ளி, தொடைக்கோ கழுத்துக்கோ வரும். செயின் கோத்த வட்டுகளை விற்கிறார்கள், அவை இன்னும் கொடியவை.

தொரட்டிக்கும் மின்கம்பிக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்?

இரும்பு, அலுமினியத் தொரட்டியைக் கம்பி இருக்கும் பக்கம் எடுத்துப்போகவே வேண்டாம். தேங்காய், முருங்கை, மாங்காய் பறிக்கும்போது கம்பியில் பட்டு உயிர் போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. ஈரமான மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியில் தொடாமலே நெருங்கினாலும் பாயும். கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவர்களே வெட்டுவார்கள்.

தென்னை மட்டை அரைக்கும் மிஷின் வாங்கினால் பயன்படுமா?

நாலைந்து மரத்துக்கு வேண்டாம். ஓலையைக் கிழித்து, மட்டையை அரிவாளால் மூன்றாக வெட்டி, மரத்தடி வட்டப்பாத்தியில் கவிழ்த்துப் போட்டால் தானாக மட்கும், ஈரமும் காக்கும். தோப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் மிஷின். அதிலும் மட்டையைத் தள்ளக் கையை விடக்கூடாது. ஓலை கையுறையின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நீளமான கழியால் தள்ளுங்கள்.

பேட்டரி ஸ்பிரேயர்?

பதினாறு லிட்டர் பிடிக்கும் ஸ்பிரேயரை முதுகில் ஏற்றினால் தண்ணீரே 16 கிலோ. வீட்டுத் தோட்டத்துக்கு ஐந்து முதல் எட்டு லிட்டர் போதும். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரில் வேறு எதையும் அடிக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கும். வேப்பெண்ணெய் அடித்தால் வேலை முடிந்ததும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிட்டு நாசிலைக் கழுவுங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

என்ன உடுத்திக்கொண்டு வேலை செய்வது?

லுங்கி, வேட்டி, சேலை, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. பெண்கள் சுடிதாரில் வேலை செய்தால் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு முடியைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். தடித்த பேன்ட், முழங்கால்வரை காப்பு, விரல் மூடிய கனமான ஷூ. ரப்பர் செருப்போடு பிரஷ் கட்டர் பிடிக்கிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். ஈரப்புல்லில் அது வழுக்கும், வழுக்கினால் பிளேடு இருக்கும் பக்கம்தான் கால் போகும்.

கண்ணுக்கு இரண்டு பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. வலை முகமூடி போட்டாலும் உள்ளே கண்ணாடி வேண்டும், வலையின் வழியாக மணலும் சாறும் வரும். காதுக்கு இயர் மஃப். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி நேரம். பெட்ரோல் பிரஷ் கட்டர் இந்த அளவுகளில்தான் கத்தும். பாட்டுக் கேட்கும் இயர்போன் காப்பு ஆகாது. பெட்ரோல் மிஷின் பிடித்த பிறகு விரல் மரத்துப்போனால் அது அதிர்வின் வேலை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இறக்கி வைத்துக் கையை உதறுங்கள்.

கூலிக்கு ஆள் வைத்து வெட்டினால் இதெல்லாம் என் பொறுப்பா?

உங்கள் தோட்டத்தில் நடக்கும் வேலை, ஆமாம். மிஷினோடு வருகிற தம்பி பெரும்பாலும் செருப்போடும் கண்ணாடி இல்லாமலும்தான் வருவார். வீட்டில் ஒரு கண்ணாடியும் இயர் மஃப்பும் வாங்கி வைத்து, “இதைப் போட்டுக்கிட்டு வெட்டுங்க தம்பி” என்று கையில் கொடுங்கள். கல், கம்பி இருக்கும் இடங்களை முன்பே காட்டுங்கள். ஏக்கர் கணக்கில் பேரம் பேசி வெயில் உச்சியில் அவசரப்படுத்தாதீர்கள். காலை ஆறிலிருந்து பத்துக்குள் முடியும் அளவு வேலை கொடுத்தால் போதும். குடிக்கத் தண்ணீரும் மோரும் வையுங்கள்.

அரசு மானியம் கிடைக்குமா?

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வரும் கருவி மானியம் விவசாயிகளுக்கானது. சிட்டா, அடங்கல் கேட்பார்கள். வீட்டு மனையில் தோட்டம் போட்டிருப்பவர்களுக்கு அது பொருந்தாது. நிலம் வைத்திருப்பவர்கள் உழவன் செயலியில் பார்க்கலாம்.

அடிபட்டுவிட்டால் முதலில் என்ன செய்வது?

மிஷினை அணைத்துவிட்டு, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து 108-க்கு அழையுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதையும் வைக்க வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப்போங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. கண்ணில் ஏதாவது தெறித்தால் கசக்காமல் அப்படியே கண் மருத்துவரிடம் போங்கள். பாம்பு கடித்தால் இறுக்கக் கட்டுவதும் கீறுவதும் கூடாது, காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மூன்று மாதம் பயன்படுத்தப் போவதில்லை. எப்படி வைப்பது?

டேங்கில் இருக்கும் பெட்ரோலை வெளியே எடுத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து அதுவாக நிற்கும்வரை விடுங்கள். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது அப்போதுதான் தீரும். ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். காகித ஃபில்டர் என்றால் தட்டி மட்டும் எடுங்கள். பிளேடைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில் வையுங்கள். அப்புறம் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். எலி இருக்கும் வீடு என்றால் ஒயரைச் சுருட்டித் தகர டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுங்கள்.